கடைசி நிலையத்துக்கு அப்பால்

ஜனவரி 9

அண்ணிக்கு,

போனை எடுக்க மாட்டீர்கள். தெரியும். அதனால் காகிதம்.

மூன்று வருடமாக வீட்டுப் பக்கம் வராதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். சுண்டு செய்தி அனுப்பியிருந்தாள். "சித்தப்பா, அம்மாவுக்குக் கடலோரத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு மாத்தல் வந்திருக்கு. எனக்குப் போகப் பிடிக்கலை. நீங்க சொன்னா அம்மா கேப்பாங்களா?" அவளுக்குச் சந்தேகம். எனக்குச் சந்தேகமே இல்லை, கேட்க மாட்டீர்கள்.

ஆனாலும் சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

ரயில் திட்டப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நகரம் இன்னும் ஒரு தலைமுறையில் எதுவரை பரவும், அதுவரை எந்தத் தடம் போக வேண்டும் என்று கற்பனை செய்வதுதான் வேலை. சம்பளம் கொடுத்துக் கற்பனை செய்யச் சொல்கிறார்கள். அண்ணன் இருந்தால் சிரித்திருப்பான்.

நீளமான அறை. ஒரு சுவர் முழுக்க வரைபடம். இருக்கும் தடங்கள் கெட்டிக்கோடு. வரப்போகிறவை புள்ளிக்கோடு. ஜன்னலை ஒட்டிய பகுதி வெயிலில் வெளிறிவிட்டது. அங்கே வசிக்கும் மக்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

கிழக்குத் தடத்தை நீட்டுகிறோம். நெடுஞ்சாலைப் பாலத்தைத் தாண்டி, செங்கல் சூளைகளைத் தாண்டி, உங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிவரை. அங்கே ஒரு நிலையம். தடத்தின் கடைசி நிலையம். நான்தான் வரைந்தேன்.

அடுத்த மாதம் படத்தை நகர மன்றக் கூடத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். அதுவரை ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுத வேண்டாம்.

தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

நான் போனை எடுக்காததற்குக் கோபம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அது தீர்ந்து எவ்வளவோ நாளாகிறது. விஷயம் வேறு. உன் குரல் அப்படியே உன் அண்ணன் குரல். நேரில் என்றால் உன் முகத்தைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். போனில் முகம் இல்லை. நீ பேசுவதில் "அண்ணி" என்ற ஒரு வார்த்தைதான் அவர் சொல்லாதது. மற்றதெல்லாம் அவர்தான். அதனால் எழுது. எழுத்தில் நீ நீயாக இருக்கிறாய்.

ரயிலுக்கு வருகிறேன். ரயில் வருகிறது என்று நான் கேட்பது இது முதல் தடவை இல்லை. படிப்பு முடிக்கும் வருடம் நீ ஒரு படம் போட்டுக்கொண்டு வந்தாய், நாளைய நகரம் என்று. சாப்பாட்டு மேசை முழுக்க விரித்தாய். தட்டு வைக்க இடமில்லாமல் நான் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அண்ணன் ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"இது என்ன எடம்டா?"

"அங்க இப்ப ஒண்ணும் இல்லண்ணா. வெறும் பொட்டல்."

"ஆனா ரயில் போகுதுல்ல?"

"நான் வரைஞ்சிருக்கேன், அவ்வளவுதான்."

"வரைஞ்சிட்டல்ல, அப்புறம் என்னடா!"

பரீட்சைக்கு வரைந்த படத்தைப் பார்த்து வீடு கட்டிய குடும்பம் உலகத்திலேயே நம்முடையது ஒன்றுதான் இருக்கும். உன் ஆசிரியர் அதற்கு மார்க் போட்டார். உன் அண்ணன் அஸ்திவாரம் போட்டார்.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால் சொல்கிறேன். நான் ஆஸ்பத்திரியில் போய் முதல் ஆளின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதற்குள் இரண்டு பஸ் மாறியிருப்பேன். திரும்புவதற்குள் சுண்டு தானே கதவைத் திறந்து, தானே சாப்பிட்டு, பாடப் புத்தகத்தின் மேலேயே தூங்கியிருப்பாள். நடுவில் அந்தப் பாலம். பஸ் அதன்மேல் நிற்காத நாளே இல்லை. நிற்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரர் கார், என் மடியில் உன் அண்ணன் தலை, முன்னால் லாரி, பின்னால் லாரி. அங்கேயேதான் போனார். அப்புறம் ஆஸ்பத்திரி வாசலில் உன்னைப் பார்த்ததும் "நீ போட்ட கோட்டை நம்பித்தான் இவ்வளவு தூரம் போனோம்" என்றேன். அதன்பிறகு நீ வரவில்லை.

கடலோர ஊரில் குடியிருப்பு தருகிறார்கள். நடந்தே வேலைக்குப் போகலாம். பிப்ரவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போக வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் அவர் மொட்டை மாடியில் நாற்காலி போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஸ்டேஷன் வந்தா இங்கேருந்தே கடைசிப் பெட்டி தெரியும்" என்பார். நாங்கள் போன பிறகு அது வந்தால்?

ஒரே வார்த்தையில் சொல். வருமா?

அண்ணி


பிப்ரவரி 2

அண்ணிக்கு,

வரும்.

எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். படத்தில் இருக்கிறது. அச்சாகிவிட்டது. தொட்டுப் பார்த்தால் மை விரலில் ஒட்டுகிறது.

இன்னொன்று. புதிய நிலையங்களுக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. வரைகிறவர்களே தற்காலிகமாக ஏதோ ஒன்று போட்டுக்கொள்வோம். ஒருவர் தன் நாயின் பெயரை வைத்திருக்கிறார். நல்ல நாய் என்கிறார்.

நான் "கடைசிப்பெட்டி" என்று வைத்தேன்.

அண்ணனுக்கு அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று சொல்லியிருக்கிறானா? நாங்கள் பள்ளிக்கு ரயிலில் போவோம். அவன் எப்போதும் வண்டி நகர்ந்த பிறகுதான் ஓடிவருவான். கடைசிப் பெட்டி மட்டும்தான் கைக்கு எட்டும். நான் முன்னால் ஏதோ ஒரு பெட்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஏறினானா இல்லையா என்று. இறங்கியதும் திட்டுவேன். "போடா. சாயங்காலம் வண்டி திரும்பும்போது இதே பெட்டிதான்டா முன்னாடி. அப்ப நான்தான் முதல் ஆளு" என்பான்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். "எனக்கு மேல கீழ போற பொழப்பு. உனக்குப் பக்கவாட்டுல போற படிப்பு. ரெண்டு பேருமே எங்கயும் போய்ச் சேரலை பாரு."

போய்ப் பாருங்கள். சுண்டுவையும் கூட்டிக்கொண்டு.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

போனோம்.

கூடத்தில் நல்ல கூட்டம். எல்லோரும் படத்தில் தங்கள் வீட்டைத் தேடுகிறார்கள், வேறு எதையும் யாரும் பார்க்கவில்லை. ஒரு பெரியவர் ஸ்டேஷனில் கக்கூஸ் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "அது இன்னும் பத்து வருஷம் கழிச்சு வர்ற ஸ்டேஷன் ஐயா" என்று உங்கள் ஆள் சொல்ல, அவர் "அதுவரைக்கும் அடக்கிக்கச் சொல்றியா?" என்றார்.

சுண்டு முன்னால் புகுந்துவிட்டாள். திடீரென்று ஒரு கத்தல். "அம்மா! அப்பா ஸ்டேஷன்!"

பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் முகத்தைச் சுளித்தார். "கடைசிப்பெட்டின்னு எல்லாம் ஒரு பேரா? வேற பேரே கிடைக்கலையா இவங்களுக்கு?"

"அது எங்கப்பா பேருங்க."

"உங்கப்பா பேரு கடைசிப்பெட்டியா?"

"ஆமா. உங்க பேர்ல ஏதாவது ஸ்டேஷன் இருக்கா?"

அந்த மனிதர் நிஜமாகவே ஒரு தடவை படத்தை முழுக்கப் பார்த்தார்.

நான் புள்ளியின் மேல் விரலை வைத்தேன். உன் அண்ணன் மேசையில் வைத்த மாதிரியே. சிறிய வட்டம். அதற்குள் என்னால் ஒரு வீட்டை, ஒரு மொட்டை மாடியை, ஒரு நாற்காலியை வைக்க முடிந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் "கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா" என்றார்கள்.

மறுநாள் மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேற்பார்வையாளர் அம்மா "யோசிச்சுதான் செய்யறியா?" என்று கேட்டார். "ரயில் வருதுங்க" என்றேன். மூன்று வருடத்தில் நான் சிரித்துச் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அன்று நான் சொன்னதெல்லாம் போகட்டும். உன் முகத்தைப் பார்த்தால் குரலுக்குப் பழகிக்கொள்வேன்.

அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

இந்த ஞாயிறு வர முடியாது. அடுத்ததும்.

வேலை. இறுதிப் படம் ஜூனில் போக வேண்டும். அறையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. எல்லோர் மேசையிலும் அழிப்பான் தூள் கிடக்கிறது. கணினியில்தான் வரைகிறோம், இருந்தாலும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

மாற்றல் வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டீர்களா? அதைத் திரும்ப வாங்க முடியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

சுண்டு அனுப்பிய படம் வந்தது. மொட்டை மாடியிலிருந்து தண்ணீர்த் தொட்டி, அதன் அருகே அவளே வரைந்த ரயில். பெட்டிகளைவிட ஜன்னல்கள் பெரியவை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். பிறகு எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

தம்பி


ஏப்ரல் 6

ஞாயிற்றுக்கிழமை வராதவனைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை நானே வந்தேன். யாரும் சொல்லவில்லையா? லீவு போட்டுவிட்டு, உனக்குப் பிடித்ததைச் செய்து டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்தேன். நீ அளவெடுக்க வெளியே போயிருந்தாய். பயணிகள் எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போடும் பெண், பெரிய கண்ணாடி போட்டவள், நல்ல பெண், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள்.

"நீங்க எந்தப் பக்கத்துலேருந்து வர்றீங்க?"

"கிழக்கே. உங்க படத்துல கடைசிப்பெட்டின்னு போட்டிருக்கே, அங்கதான்."

"அடடா, கத்தித்துண்டா?"

நான் விழித்ததைப் பார்த்து அவளாகவே விளக்கினாள். குழந்தைக்குச் சொல்வதுபோல் அன்பாக. "மேலிடத்துக்குப் படம் அனுப்பினா, எதையாவது வெட்டினாத்தான் அவங்களுக்கு வேலை செஞ்ச திருப்தி. வெட்ட ஒண்ணும் இல்லைன்னா நடு ஊர்ல கை வெச்சிருவாங்க. அதனால நாங்களே ஓரமா ஒரு துண்டு அதிகமா வரைஞ்சு வைப்போம். கத்திக்குன்னே. இந்தத் தடவை அது கிழக்கு ஓரம்."

"அங்க இருக்கறவங்க?"

"அங்க யாருங்க இருக்கா? பொட்டல்தானே."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆமாம்மா, பொட்டல்தான்" என்றேன். டப்பாவை அவளிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பாலத்தில் பஸ் நின்றது. அன்று கண்ணை மூடவில்லை.

அவர் பெயரை வெட்டுவதற்காக எழுதி வைத்தாயா? இருக்கிற அத்தனை இடத்தில் இந்த இடம்தான் கிடைத்ததா உனக்கு?

ஒரே வார்த்தையில் கேட்டேன். ஒரே வார்த்தையில் சொன்னாய்.

சுண்டுவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் சாப்பிடுவதற்கு முன்னால் மாடிக்குப் போகிறாள்.


ஏப்ரல் 14

அண்ணிக்கு,

டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன்.

எந்தப் படம் தொடங்கினாலும் எங்கள் தலைமைப் பொறியாளர் முதலில் கேட்பது இதுதான்: "கத்தித்துண்டு எங்கே?" அன்றும் கேட்டார். நான்தான் கிழக்கு என்றேன்.

வேறு எந்த வழியிலும் உங்கள் தெரு அந்தப் படத்துக்குள் வந்திருக்காது. கணக்கு ஒத்துவரவில்லை. போட்டுப் பார்த்தேன். ஆட்களைக் கூட்டி, வீடுகளைக் கூட்டி, இல்லாத ஒரு கல்லூரியையும் கூட்டிப் பார்த்தேன். வெட்டுவதற்கென்று வைத்தால் மட்டும் வரையலாம். வரைந்த பிறகு ஏதாவது நடக்கலாம். நடந்திருக்கிறது, ஒருமுறை மேலிடம் மறந்துபோய்ச் சாப்பிடப் போனதில் ஒரு துண்டு பிழைத்திருக்கிறது. இன்று அங்கே வண்டி நிற்கிறது.

"வரும்" என்று எழுதும்போது நம்பினேன். முற்றுப்புள்ளி வைத்தபோது நம்பவில்லை. இரண்டுக்கும் நடுவில் அடிக்க இடம் இருந்தது. அடிக்கவில்லை. நீங்கள் அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டால் அவன் இருந்த இடம் என்று எனக்கு ஒன்றும் மிஞ்சாது. நான் வருவதேயில்லை, தெரியும். வராமல் இருப்பதற்கும் ஒரு வீடு வேண்டியிருக்கிறது.

துண்டு ஜூனில் வெட்டப்படும். அது உறுதி. ஆனால் ஒன்று செய்யலாம். முழுக்க அழிக்காமல், வெளிறிய வட்டமாக, "பிற்காலத்தில்" என்று ஓரத்தில் குறித்து வைக்கலாம். அது என் கையில் இருக்கிறது. பெயரும் இருக்கும். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு அப்படியே போய்க்கொண்டிருக்கும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வைக்கட்டுமா?

தம்பி


மே 3

தம்பிக்கு,

அழித்துவிடு.

உடனே எழுதவில்லை என்று வருத்தப்படாதே. முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அதில் நான் உன்னை நிறையத் திட்டியிருந்தேன், சில நன்றாகவே வந்திருந்தன.

அந்த வெளிறிய வட்டம் வேண்டாம். அதில் யாரும் குடியிருக்க முடியாது. என்னைத் தெரியும் எனக்கு. அந்த வட்டம் எங்கேயாவது ஒரு காகிதத்தில் இருக்கும்வரை நான் இங்கிருந்து நகர மாட்டேன். நான் ஒருத்தி மட்டும் இல்லை. எதிர் வீட்டில் புதிதாகக் கல்யாணமான இருவர் வந்திருக்கிறார்கள். உங்கள் கூடத்தில் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். அந்தப் பெண் நிறைமாதம். பிள்ளை பள்ளிக்கு ரயிலில் போகும் என்கிறாள். நான் அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. "படத்துல இருக்கேக்கா" என்கிறாள். படத்திலிருந்து எடுத்தால்தான் நம்புவாள்.

சுண்டுவிடமும் சொன்னேன். அழவில்லை. "சித்தப்பாவே வரைஞ்சு சித்தப்பாவே அழிக்கணுமா? பாவம்மா" என்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

கடலோர ஆஸ்பத்திரிக்குப் போன ஆள் ஒத்துவராமல் திரும்பிவிட்டாராம். மேற்பார்வையாளர் அம்மா என்னை மறுபடி கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் சொன்ன ஒரு வாக்கியத்தை நீ மூன்று வருடமாக வரைந்துகொண்டே இருக்கிறாய். போதும். கோட்டை நிறுத்து. வேறு யார் கையாவது அழிப்பதைவிட உன் கை அழிக்கட்டும். அவர் பெயர் அது. கத்தி என்று யாரும் சொல்லக்கூடாது.

அண்ணி


ஜூன் 18

அண்ணிக்கு,

காலையில் எல்லோரும் வருவதற்கு முன்னால் செய்தேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை. வட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையை அழுத்தினால் போதும். வட்டம் போயிற்று. பெயர் மட்டும் தனியாக நின்றது, வெள்ளையில். அது தனி எழுத்து, தனியாக அழிக்க வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டலின் நடுவில் "கடைசிப்பெட்டி". பிறகு அதையும்.

கணக்குப் போடும் பெண் வந்தாள். திரையைப் பார்த்தாள். அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். தன் தேநீரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இனி தடம் செங்கல் சூளைகளோடு முடிகிறது. ஆனால் அண்ணி, எந்தத் தடமும் கடைசி நிலையத்தோடு நின்றுவிட முடியாது. வண்டி திரும்புவதற்கு அதற்கு அப்பால் கொஞ்சம் தண்டவாளம் வேண்டும். பயணிகளை இறக்கிவிட்டு வண்டி காலியாக அங்கே போய் நிற்கும். ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்து போவார். அதை எங்கே வைப்பது என்பதை வரைகிறவனே முடிவு செய்யலாம். மேலிடம் அதைப் பார்ப்பதில்லை. அதற்கு வட்டம் கிடையாது, பெயர் கிடையாது. அதை நம்பி யாரும் வீடு கட்ட மாட்டார்கள்.

கிழக்கே பார்த்து வைத்தேன். உங்கள் பக்கம்.

அச்சான படம் ஒன்றை அனுப்புகிறேன். டப்பாவையும்.

தம்பி


ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்றில் கம்பியெல்லாம் துருப்பிடிக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிறேன். போகும் வழியில் பாலம் எதுவும் இல்லை. முதல் வாரம் அதுவே என்னவோபோல் இருந்தது. கண்ணை மூட ஒரு இடம் இல்லை.

மாடி நாற்காலியை எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். உட்கார்ந்து பால் கொடுக்க வசதியாக இருக்கும்.

உன் படத்தை மேசையில் விரித்தோம். இங்கே மேசை சிறியது, நகரத்தின் மேற்குப் பகுதி கீழே தொங்குகிறது. சுண்டு கிழக்குத் தடத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். கடைசி வட்டத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த கோட்டில் வந்து நின்றாள்.

"இது என்னம்மா, துண்டா நிக்குது?"

"அங்கதான் வண்டி திரும்பும்."

"ஆளுங்க இருப்பாங்களா உள்ள?"

"இருக்க மாட்டாங்க. எல்லாரும் முன்னாடியே இறங்கிடுவாங்க. ஓட்டுநர் மட்டும்."

உதடு அசைந்தது, பெட்டிகளை எண்ணுகிறாள் போல.

"அப்ப நம்ம வீட்டுப் பக்கம் போறது முதல் பெட்டி. அங்கேருந்து திரும்பி வரும்போது முன்னாடி வர்றது கடைசிப் பெட்டி. அப்படித்தானே?"

படத்தை மடித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். எடுப்பேன். எடுத்தவுடன் "அண்ணி" என்று சொல்லிவிடாதே. கொஞ்ச நேரம் வேறு எதையாவது பேசு.